கழித்தது போக மீதி

சர்க்கரை டப்பா நினைத்ததைவிடச் சீக்கிரம் காலியானால் மற்ற வீடுகளில் சர்க்கரை வாங்குவார்கள். மீதிக்காரர் வீட்டில் விசாரணை நடக்கும். காலை டீக்கு இவ்வளவு, மாலை டீக்கு இவ்வளவு, பக்கத்து வீட்டம்மா வாங்கிப்போனது ஒரு கிண்ணம், எறும்புக்குப் போகட்டும் ஒரு கரண்டி. எல்லாவற்றையும் கழித்த பிறகும் கொஞ்சம் இடிக்கிறதே, அது எங்கே போயிற்று? "என் வயித்துக்குள்ள போச்சு, ஸ்கேன் எடுத்துப் பாருங்க" என்பாள் மனைவி. அதற்குச் சிரிக்க வேண்டும். அவர் சிரிக்க மாட்டார். இவள் ஏன் இவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறாள் என்று யோசிப்பார்.

பழியை முழுக்க அவர் மேல் போடவும் முடியாது. அவருடைய பிழைப்பே கழித்தல்தான். நிலத்தடி நீர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஏ.சி. சொட்டுவதற்கு ஒரு பக்கெட் வைத்த அறையில், சுவரைப் பார்த்த மேஜையில் அவர் இருந்தார். முதுகுக்குப் பின்னால் யாரும் நின்று திரையைப் பார்க்கக் கூடாதென்று, மேஜையை எதிர்ப்பக்கம் திருப்பித் தரும்படி பலமுறை கேட்டிருந்தார். வயர் எட்டாது என்று சொல்லிவிட்டார்கள். வயர் எட்டும் என்பது அவருடைய கருத்து.

வானத்தில் இரண்டு செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கீழே பூமியில் எங்காவது கனம் கூடினால் அங்கே இழுப்பும் கூடும். முன்னால் போவது அந்த இழுப்பில் கொஞ்சம் விரைந்துவிடும்; இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கூடும். பின்னால் வருவது அதே இடத்தை நெருங்கும்போது அதுவும் விரையும். இடைவெளி பழையபடி குறையும். தலைமுடியைவிட மெல்லிய அந்த மாற்றத்தை அளந்து, எங்கே கனம் கூடியது, எங்கே குறைந்தது என்று மாதாமாதம் கணக்குப் போட்டுத் தருகிறார்கள். மலை நகராது, ஊர் நகராது. ஒரு மாதத்தில் இடம் மாறுகிற கனமென்றால் பெரும்பாலும் அது தண்ணீர்தான்.

ஆனால் எந்தத் தண்ணீர் என்று அந்தக் கணக்கு சொல்லாது, மொத்தத்தைத்தான் சொல்லும். அதிலிருந்து அணையில் நிற்பதைக் கழிக்க வேண்டும், ஆற்றில் ஓடுவதைக் கழிக்க வேண்டும், மண்ணில் ஊறிய ஈரத்தைக் கழிக்க வேண்டும். கழித்தது போக மீதி எதுவோ அதுதான் பூமிக்கடியில் இருக்கும் நீர். அந்த வேலைதான் அவருக்கு. அதனால்தான் அலுவலகத்தில் 'மீதிக்காரர்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள், அவருக்கும் தெரியும். முதலில் வைத்தவன் யார் என்பதைத்தான் அவரால் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. நகரத்துக் குழாய்களில் கலங்கல் தண்ணீர் வந்தது, வாசல்களில் செருப்பு மிதந்தது, அணை நிரம்பிக்கொண்டே வந்தது. மீதிக்காரர் மொத்தத்தை எடுத்து, அணையைக் கழித்து, ஆற்றைக் கழித்து, ஈரத்தைக் கழித்தார். மீதி இறங்கியிருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, பெரிய பள்ளம். ஊரெல்லாம் வெள்ளம், பூமிக்கடியில் மட்டும் வறட்சி.

அவருக்கு மூக்கில் வியர்த்தது. முந்தின வருஷத்தை எடுத்துப் பார்த்தார். அதிலும் மழைக்காலத்தில் பள்ளம். அதற்கு முந்தின வருஷத்திலும் அப்படியே. கோடையில் மட்டும் கோடு லேசாக மேலே ஏறியிருந்தது. கோடையில் எப்படி ஏறும் என்று வேறொருவர் கேட்டிருப்பார். மீதிக்காரரும் கேட்டார். பதிலும் அவரே சொல்லிக்கொண்டார்: திருடன் அப்போது ஓய்வெடுக்கிறான்.

ஆமாம், திருடன்தான். மழைக்காலத்தில் நிலத்தடி நீரை யாரும் கவனிக்க மாட்டார்கள். எல்லார் கண்ணும் வெள்ளத்தின் மேலே இருக்கும். அந்த நேரம் பார்த்து யாரோ பெரிய அளவில் உறிஞ்சுகிறார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று அவருக்கு ஒருவகையில் மரியாதைகூட வந்தது.

கிணறு அளக்கும் பிரிவில் போய் விசாரித்தார். அவர்கள் கண்காணிப்புக் கிணறுகளில் நாடாவை இறக்கி நீர்மட்டம் பார்ப்பவர்கள். மழையில் மட்டம் ஏறியிருக்கிறது, இறங்கவில்லை என்றார்கள்.

"நேர்ல போய்ப் பாத்தீங்களா, இல்ல உக்காந்த இடத்துலயே ஏத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

"சார், சேத்துல கால் புதைஞ்சு செருப்பையே விட்டுட்டு வந்திருக்கேன்" என்றார் பிரிவின் பொறுப்பாளர்.

செருப்பு தொலைந்ததற்குச் சாட்சி உண்டா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கிணறு என்பது ஊசி குத்திய அளவு இடம், மனுஷன் அளப்பது, மனுஷன் பொய் சொல்லுவான். செயற்கைக்கோளுக்குப் பொய் சொல்லி என்ன லாபம் என்று முடிவு கட்டிவிட்டு மாடி ஏறினார்.

அணைக்காரர்கள் மேல் அவருக்கு ஏற்கனவே ஒரு கண் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அணையின் இன்ஜினியர் போன் செய்து, "சார், அடியில சேறு மண்டிப் போச்சு. படகு விட்டு அளந்து புது அட்டவணை போட்டிருக்கோம். இனிமே மட்டத்தை வெச்சு கொள்ளளவு பாக்கறதுக்கு அதையே எடுத்துக்குங்க" என்றார். இந்த மட்டத்தில் நின்றால் இவ்வளவு தண்ணீர் என்று சொல்லும் அட்டவணை அது. புதியதில் எல்லா மட்டத்துக்கும் தண்ணீர் குறைச்சலாக இருந்தது. மீதிக்காரர் அதைப் பார்த்ததும் உள்ளுக்குள் சிரித்தார். தண்ணீரை யாருக்கோ திறந்துவிட்டுவிட்டு, சேறு என்று பூசி மெழுகுகிறார்கள். சேற்றை யார் போய்ப் பார்ப்பது? "ஆகட்டும் சார்" என்று சொல்லி வைத்துவிட்டு, அணை கட்டிய காலத்துப் பழைய அட்டவணையையே தொடர்ந்தார். அதைத் தன் சாமர்த்தியங்களில் ஒன்றாக மனைவியிடம்கூடச் சொல்லியிருந்தார்.

இனி திருடன் யார் என்பதுதான் பாக்கி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் செயற்கைக்கோள்களுக்குக் கண் கூர்மையில்லை. ஒரு சின்ன நாட்டை மொத்தமாகப் பார்க்குமே தவிர, அதில் ஒரு ஊரைத் தனியாகப் பிரித்துச் சொல்லத் தெரியாது. தெருவும் கிணறும் எந்தக் காலத்திலும் தெரியாது. இதைப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதல் வகுப்பிலேயே மீதிக்காரர்தான் சொல்லித் தருவார். அப்படிப்பட்ட செயற்கைக்கோளுக்கு மாவட்டம்கூடத் தெரியவில்லை. இவருக்கு மட்டும் மச்சான் தெரிந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஊருக்கு வெளியே கேன் தண்ணீர் கம்பெனி வைத்திருப்பவர். மூன்று ஆழ்குழாய்க் கிணறு, ஒரு தகரக் கொட்டகை, நீலக் கேன்கள் அடுக்கிய முற்றம், அதில் வேலை பார்க்கும் பத்துப் பதினைந்து குடும்பங்கள். அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்து நர்ஸாக்கி, மீதிக்காரருக்குக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். கல்யாணத்தன்று அவர் கண் கலங்கியதை மீதிக்காரர் இன்றும் நினைவு வைத்திருக்கிறார். அவ்வளவு அழுகை ஏன் என்று அன்றைக்கே யோசித்தார்.

இப்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. கொட்டும் மழையில் மச்சானின் லாரிகள் போவதை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். மழையில் எவன் கேன் தண்ணீர் வாங்குவான்? சமீபத்தில் மச்சான் ஒரு கிணற்றை இன்னும் ஆழமாக இறக்கியிருந்தார். அதை இவரிடம் சொல்லவில்லை. போன மாதம் மச்சான் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனபோது, கூடத்தில் கலகலவென்று கேட்ட பேச்சு இவர் நுழைந்ததும் நின்றுபோனது. ஒரு கேன் கம்பெனி எவ்வளவு உறிஞ்சினாலும் அந்தப் பள்ளத்தில் அது ஒரு சொட்டுக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒருவனைப் பிடித்தால் மற்றவர்கள் தானாக வெளியே வருவார்கள்.

சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது அலுவலக விதி. அவர் மறைக்கவில்லை, ஆனால் ஒதுங்கவும் இல்லை. ஒதுங்கினால் கோப்பு யார் கைக்குப் போகுமோ. இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போய், ஆய்வு முடியும்வரை சீல் வைக்க வேண்டிய கிணறுகளின் பெயர்களை மேஜையில் வைத்தார். முதலில் மச்சானின் கம்பெனி.

"இது உங்க மச்சான் இல்ல?" என்றார் இயக்குநர்.

"ஆமா மேடம். அதனாலதான் முதல்ல போட்டிருக்கேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இப்படி ஒரு நேர்மையை அவர் தம் சர்வீஸில் பார்த்ததில்லை போலிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் ஆட்கள் போய் மோட்டார் பெட்டிகளில் கம்பி கட்டி, ஈயத்தில் முத்திரை வைத்தார்கள். மாலையில் மச்சான் போன் செய்தார். மீதிக்காரர் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். மனைவி எதிரே நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மோட்டரை நிறுத்தி வெச்சிருப்பீங்க, மச்சான்."

"மழை பேஞ்சா குழாய்ல கலங்கலா வருது. ஜனங்க கேன்தான் வாங்குவாங்க. அதான் லாரி போவுது. இதை என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றார்.

"அன்னிக்கு நான் உள்ள வந்ததும் ஏன் எல்லாரும் பேச்சை நிறுத்தினீங்க?"

"நீங்க வந்தா யார்தான் பேசுவா? எதைச் சொன்னாலும் எதுக்கு, எதுக்குன்னு கேப்பீங்க." குரல் உடைந்திருந்தது. "இதுக்கு மேல பேசறதுக்கு ஒண்ணுமில்ல, மாப்பிள்ளை. வெச்சுடறேன்."

போனை வைத்ததும் மீதிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்க அண்ணன் ரொம்பத் தயாரா பதில் வெச்சிருக்கார்" என்றார். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதுவுமே சொல்லவில்லை.

பேசாமல் இருப்பதென்றால் ஊமையாக இருப்பதல்ல. அடுப்பிடம் பேசினாள், பிரிட்ஜிடம் பேசினாள். "டீ ஆறுது" என்று ஜன்னலுக்குச் சொல்வாள். "நாளைக்கு கேஸ் வரும், யாராவது வீட்ல இருக்கணும்" என்று காலண்டருக்குத் தகவல் போகும். அண்ணன் வீட்டுக்குப் போனாள், வந்தாள். என்ன பேசினாள் என்று இவருக்குத் தெரியாது. தெரியாதது அவரை அரித்தது. வீடு முழுக்கச் சத்தம் இருந்தும், அவருக்கென்று ஒரு சொல் இல்லாமல் அவர் காய்ந்து போனார். அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை; ஆனால் காய்ந்துதான் போனார்.

கம்பெனியில் கேன்கள் காலியாக அடுக்கப்பட்டிருக்கின்றன, ஆட்கள் வேறு வேலை தேடிப் போக ஆரம்பித்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டம்மா மூலம் தெரிந்துகொண்டார். மற்ற கிணறுகளிலும் முத்திரை விழுந்தது. மழை நிற்கவில்லை. அந்த மாதக் கணக்கு வந்தது. அவர் ஆவலாகக் கழித்தார். திருடன் பிடிபட்டான், பள்ளம் மூட வேண்டும்.

மூடவில்லை. இன்னும் ஆழமாகியிருந்தது.

நல்ல மனிதர்கள் இந்த இடத்தில் தம்மைச் சந்தேகப்படுவார்கள். மீதிக்காரர் முத்திரை வைத்த ஆட்களைச் சந்தேகப்பட்டார். லஞ்சம் வாங்கிக்கொண்டு தளர்வாகக் கட்டியிருப்பார்களோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானின் கம்பெனிச் சுவருக்கு வெளியே போய் நின்று காதைக் கொடுத்தார். மோட்டார் ஓசை இல்லை. உள்ளே யாரோ காலி கேனை உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை அதிக நேரம் அவரால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பினார்.

அவர் வீடு வந்தபோது மனைவி சமையலறையில் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு காய் நறுக்கியபடி, ஆஸ்பத்திரித் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வேலை குழந்தைகள் பிரிவில். துள்ளுகிற குழந்தையைத் தனியாகத் தராசில் நிறுத்த முடியாது. அம்மாவையும் குழந்தையையும் சேர்த்து நிற்க வைப்பார்கள், பிறகு அம்மாவை மட்டும் நிற்க வைப்பார்கள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். மீதி குழந்தை.

"அந்தம்மா ஓன்னு அழுது," என்றாள் மனைவி போனில். "குழந்தை எடை இறங்கிடுச்சு, என்ன குடுக்கறே நீன்னு நம்ம புது நர்ஸ் பொண்ணு திட்டியிருக்கா. குழந்தையைப் பாத்தா கொழுகொழுன்னு இருக்கு. எனக்கு இடிச்சுது. அம்மாவை நிறுத்தினியான்னு கேட்டேன். இல்லக்கா, கார்டுல போன தடவை எடை இருந்தது, அதையே கழிச்சேங்கறா. அந்தம்மா பிள்ளை பெத்து இளைச்சுப் போய் நிக்குது. அதோட பழைய எடையைக் கழிச்சா என்ன ஆகும்? அம்மா இளைச்சதெல்லாம் குழந்தை தலையில விழுந்திருக்கு."

மீதிக்காரர் வாசற்படியில் ஒரு செருப்பைக் கழற்றிய நிலையில் நின்றுவிட்டார். முதலில் வந்தது வழக்கமான சந்தேகம்தான்: எனக்குக் கேட்கட்டும் என்று சொல்கிறாளோ? எட்டிப் பார்த்தார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் வந்ததே அவளுக்குத் தெரியாது. தோழியோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பல நாளாக அவர் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை.

அவள் அவரைக் குத்தவில்லை. அதனால்தான் அது அவருக்குள் இறங்கியது.

பழைய எடை. பழைய அட்டவணை.

ஒரு செருப்போடு கூடத்துக்கு வந்து, லேப்டாப்பைத் திறந்து, அணை இன்ஜினியர் அனுப்பிய புது அட்டவணையைத் தேடி எடுத்தார். அணைக்குள் சேறு மண்டியிருந்தால், நீர்மட்டம் முன்னைப் போலவே ஏறினாலும் உள்ளே வந்த தண்ணீர் குறைவுதான். பழைய அட்டவணையோ அதை முழுத் தண்ணீராகக் கணக்குக் காட்டும். இல்லாத தண்ணீரையும் சேர்த்து இவர் மொத்தத்திலிருந்து கழித்திருப்பார். அதிகமாகக் கழித்ததெல்லாம் மீதியில் பள்ளமாக விழும். கோடையில் அணை இறங்கும்போது இதே தப்பு தலைகீழாக நடக்கும். மீதி மேலே ஏறும். ஓய்வெடுக்கும் திருடன்.

எண்களை மாற்றினார். பள்ளம் மூடிக்கொண்டது. கோடையின் மேடும் கரைந்தது. கோடு மழையில் ஏறி, கோடையில் இறங்கி, வருஷத்துக்கு வருஷம் லேசாகச் சரிந்தது. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிற எந்த நாட்டிலும் அது அப்படித்தான் இருக்கும். கிணறு அளக்கிறவர் செருப்பை நிஜமாகவே சேற்றில்தான் விட்டிருக்கிறார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. மச்சான் முகம் வந்தது. கல்யாணத்தன்று அழுதவரின் முகம். தங்கையைப் பிரிகிறவன் அழாமல் என்ன செய்வான் என்று இத்தனை வருஷம் கழித்து இப்போது தோன்றியது.

மறுநாள் காலை முதல் ஆளாக இயக்குநர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னார். புது அட்டவணை வந்தது, அதை நம்பாமல் ஒதுக்கியது, பள்ளம் இல்லாதது, எதையும் மறைக்கவில்லை. "முத்திரையை இன்னிக்கே எடுக்கச் சொல்லுங்க, மேடம். தப்பு என்னோடது."

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ரெண்டு வருஷமா வேண்டாம்னு வெச்சிருந்த அட்டவணை. மச்சான் கம்பெனிக்கு சீல் வெச்சதும் திடீர்னு சரியான அட்டவணை ஆயிடுச்சு. அதைப் போட்டதும் திருட்டே நடக்கல. அப்படித்தானே?"

"ஆமா, மேடம்."

"இதை வேற ஒருத்தர் வந்து என்கிட்ட சொல்லி, நீங்க என் இடத்துல உக்காந்திருந்தா என்ன நினைப்பீங்க?"

மீதிக்காரர் வாயைத் திறந்தார். பொய் சொல்ல வரவில்லை. "வீட்ல சண்டை தாங்காம எண்ணை மாத்திட்டு வந்துட்டான்னு நினைப்பேன்."

"நான் அப்படி நினைக்கலன்னு சொல்ல மாட்டேன்" என்றார் இயக்குநர். "அன்னிக்கே உங்களை ஒதுக்கியிருக்கணும். அது என் தப்பு. வெளியிலேர்ந்து ஆள் வந்து அணையை அளக்கட்டும். கணக்கும் அவங்களே போடட்டும். அதுவரைக்கும் சீல் இருக்கும். நீங்க இந்தக் கோப்பைத் தொடக் கூடாது."

அவர் எழுந்தார். கதவருகே போனதும் திரும்பி, "நான் நிஜமாத்தான் சொல்றேன், மேடம்" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு பலவீனமாகக் கேட்கிறது என்று அவருக்கே புரிந்தது. தன்னிடம் எத்தனை பேர் இதே குரலில் இதையே சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். முடித்ததும், நெடுநாளுக்குப் பிறகு, நேராக அவரைப் பார்த்துப் பேசினாள். "இதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? எங்க அண்ணன்கிட்ட போய்ச் சொல்லுங்க." போனார். மச்சான் வாசலிலேயே நின்றபடி கேட்டார். உள்ளே கூப்பிடவில்லை. "சரி. இப்ப என்கிட்டேர்ந்து என்ன வேணும் உங்களுக்கு?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று மீதிக்காரர் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

வெளியாட்கள் அணையை அளக்க வந்த நாள் வானம் மூட்டமாக இருந்தது. பாதிக்கப்பட்ட கம்பெனிக்காரர்களும் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் சம்பந்தப்பட்டவர்கள் யாரும் படகுப் பக்கம் வரக் கூடாது. கரையில் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் மூன்று பேர் நின்றார்கள்: கிணறுகள் மூடப்பட்ட மச்சான், அட்டவணை போட்ட இன்ஜினியர், இருவரையும் நம்பாத மீதிக்காரர். ஒருவரோடொருவர் பேச என்ன இருக்கிறது?

இன்ஜினியர்தான் முதலில் ஆரம்பித்தார். "நான் அளந்த அணை சார் இது. இன்னிக்கு என்னையே கயித்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திட்டாங்க." அவர் குரலில் கோபம் அவ்வளவாக இல்லை, அலுப்புதான் இருந்தது.

"என்னாலதான்" என்றார் மீதிக்காரர்.

"அது தெரியும்" என்றார் இன்ஜினியர். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

படகு குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் கருவி ஒன்றிருந்தது. மச்சான் கயிற்றின் அந்தக் கோடியிலும் மீதிக்காரர் இந்தக் கோடியிலும் நின்றார்கள். தூறல் ஆரம்பித்தது. மச்சானிடம் குடை இருந்தது. இவரிடம் இல்லை. மச்சான் குடையை விரித்துக்கொண்டு தம் இடத்திலேயே நின்றார்.

கரையிலிருந்து நன்றாகத் தெரியும் தூரத்தில் படகு நின்றது. கருவி சொன்னதை ஒருமுறை கையாலும் சரிபார்க்க வேண்டுமென்று ஒருவர் நீளமான அலுமினியக் கம்பை எடுத்துச் செங்குத்தாக இறக்கினார். கம்பு கொஞ்ச தூரம் சுலபமாகப் போனது. பிறகு நின்றது. அவர் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் போய்ச் சிக்கிக்கொண்டது. வெளியே இழுக்கப் பார்த்தார், வரவில்லை. இரண்டு பேராக இழுத்தார்கள். கம்பின் கீழ்ப்பாதி கறுப்புச் சேறு அப்பிக்கொண்டு வெளியே வந்தது.

மச்சான் குடையோடு மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்து வந்தார். மீதிக்காரருக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். குடை இவர் மேல் படவில்லை.

"பழைய கணக்குப்படி அந்த இடத்துல எவ்வளவு ஆழம் இருக்கணும்?"

"அஞ்சு மாடி உயரம்."

"அந்தக் கம்பு ரெண்டு மாடிகூட இல்லையே."

"இல்ல."

மச்சான் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேறுன்னு அவங்க அப்பவே உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"நம்பல."

"நம்பல, மச்சான்."

"நானும்தான் சொன்னேன்."

"நீங்களும் சொன்னீங்க." மேற்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லை எப்படிச் சொல்வது என்று அவருக்குப் பழக்கமில்லை. "என் தப்புதான். வேற யாரோடதும் இல்ல."

படகில் இருந்தவர்கள் கம்பைத் தண்ணீரில் அலசினார்கள். அதைச் சுற்றி நீர் கறுத்தது. தூறல் வலுத்தது. மீதிக்காரரின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது.

"கம்பெனியில பாதிப் பேர் போயிட்டாங்க" என்றார் மச்சான். "சீலை எடுத்தாலும் வருவாங்களான்னு தெரியல." பிறகு குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அதில் ஒரு ஓரம் மீதிக்காரர் தோளுக்கு மேலே வந்தது. வேண்டுமென்று செய்தாரா, கை வலித்து மாற்றினாரா என்று தெரியவில்லை. மீதிக்காரர் முதன்முறையாக அதைத் தோண்டாமல் விட்டார்.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரேன்" என்றார் மச்சான், படகைப் பார்த்தபடி.

எதுக்கு என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மீதிக்காரர் அதை விழுங்கினார்.

"வாங்க மச்சான்" என்றார்.